உலர்சுவரின் ஈரமான இடம்

பெங்களூருவில் வீடு வாங்குவோரும், வாங்கிய வீட்டைத் தம் தேவைக்கேற்ப மாற்றியமைப்போரும் இன்று செங்கல்லையும் சிமெண்டையும் மட்டுமே நம்பியிருப்பதில்லை. பெரிய அறையை இரண்டாகப் பிரிக்கும் தடுப்புச் சுவர், தொலைக்காட்சியின் பின்னே எழும் அலங்காரச் சுவர், மின்கம்பிகளையும் குளிர்சாதனக் குழாய்களையும் மறைக்கும் ஃபால்ஸ் சீலிங் என வீட்டின் பல இடங்களில் ஜிப்சம் பலகை இடம்பிடித்துவிட்டது. ஒயிட்ஃபீல்டு, வெளிவட்டச் சாலை, எலக்ட்ரானிக் சிட்டி ஆகிய பகுதிகளின் அலுவலகக் கட்டடங்களில் நாம் பார்த்துப் பழகிய பொருள், அங்கே பணிபுரிவோரின் வீடுகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வேலை விரைவில் முடிகிறது. தளத்தின்மீது ஏறும் பாரம் குறைகிறது. மணலும் தண்ணீரும் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத் தட்டுப்பாட்டின்போது, குடிநீரைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதிக்க நேர்ந்த நகரத்துக்குக் கடைசியாகச் சொன்ன நன்மை சிறியதன்று.

ஆயினும், குடிபுகுந்து ஓராண்டு நிறைவதற்குள் பல வீடுகளில் ஒரே குறை தலைகாட்டுகிறது. பலகையும் பலகையும் சேரும் இடத்தில் மயிரிழை போன்ற விரிசல் ஓடுகிறது. விரிசல் விழாத சுவரிலும், மாலை வெயில் சாய்வாகப் படும்போது நான்கடிக்கு ஒரு முறை மெல்லிய மேடு தெரிகிறது. வீட்டுக்காரர் கேட்டால், "ஜிப்சம் என்றால் இப்படித்தான் சார், ஒரு கோட் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும்" என்னும் விடை கிடைக்கிறது. பட்டி பார்க்கிறார்கள், வண்ணம் பூசுகிறார்கள், அடுத்த கோடையில் அதே இடத்தில் அதே கோடு மீண்டும் தோன்றுகிறது.

இந்த விடையை நாம் ஏற்க வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. இணைப்பில் விழும் விரிசலில் பெரும்பகுதி பொருளின் இயல்பால் வருவதன்று. காத்திருக்க வேண்டிய நேரத்தில் காத்திராமையாலும், பொறுப்பு ஒருவர் கையில் இல்லாமையாலும் வருவது அது. இவ்விரண்டையும் திருத்தும் ஆற்றல் பணம் கொடுப்பவரிடம் இருக்கிறது. சுவர் எழுந்தபின் அந்த ஆற்றல் குறைந்துவிடுகிறது. ஒப்பந்தம் எழுதும் நாளில்தான் அது முழுமையாக இருக்கிறது.

பெயர் சொல்லும் செய்தி

அமெரிக்காவின் அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894-இல், காகிதங்களுக்கு இடையே ஜிப்சக் கலவையை வைத்துச் செய்த பலகைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை அந்நாட்டு வீடுகளில் உட்சுவர் என்றால் மரச்சட்டத்தின்மேல் ஈரப் பூச்சைப் பல அடுக்குகளாகப் பூசி, வாரக்கணக்கில் உலரவிடுவதே வழக்கம். அந்த ஈர வேலையை ஒழித்ததால்தான் பின்னர் வந்த பலகைச் சுவருக்கு 'உலர்சுவர்' என்னும் பொருள்படும் பெயர் நிலைத்தது.

நம் ஊரிலும் பழைய முறை அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவான பசவனகுடி, மல்லேஸ்வரம் பகுதிகளின் பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சைப் பார்க்கலாம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று இறுகுவது. அதற்கு மாதங்கள் ஆகும். நுண்ணிய விரிசல்கள் விழுந்தால், ஈரத்தில் கரைந்த சுண்ணாம்பு மீண்டும் அங்கேயே படிந்து ஓரளவு அவற்றை அடைத்துவிடுவதும் உண்டு. அந்தச் சுவர் நம்மிடம் நிறைய நேரத்தைக் கேட்டது. கொடுத்த நேரத்துக்குக் கைம்மாறும் செய்தது.

உலர்சுவர் அந்த நேரத்தை நமக்கு மிச்சப்படுத்துகிறது. ஆனால் முழுவதையும் அன்று. பலகை உலர்ந்தே வருகிறது. இரும்புச் சட்டமும் உலர்ந்தது. திருகாணிக்கும் ஈரத்துக்கும் தொடர்பில்லை. பலகைகளை ஒன்றாக்கும் கலவை ஒன்றுதான் வேலைத்தளத்தில் ஈரமாக இடப்பட்டு, அங்கேயே உலர வேண்டியதாக இருக்கிறது. பழைய பூச்சு வேலைக்குரிய பொறுமை இங்கே அந்தச் சில அங்குல அகலத்துக்கு மட்டும் தேவைப்படுகிறது. விரிசல் விழுவதும் பெரும்பாலும் அந்தச் சில அங்குலத்தில்தான்.

பலகைக்கு ஐ.எஸ். 2095 என்னும் இந்தியத் தரம் உண்டு. தொழிற்சாலையில் அளந்து, எடைபோட்டு, சோதித்து அனுப்புகிறார்கள். இணைப்புக்கு அத்தகைய முத்திரை கிடையாது. அதைச் செய்யும் கைகளும், அவற்றுக்கு நாம் கொடுக்கும் நேரமுமே அதன் தரம்.

சுவர் ஏன் அசைகிறது

அசையாத சுவர் என்று ஒன்றில்லை. கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் வெப்பம் சென்னையைப் போல் வாட்டுவதில்லை. எனவே சுவருக்கும் கவலையில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் இங்கே காற்றின் ஈரப்பதம் பெரிதும் ஏறி இறங்குகிறது. மார்ச் மாதப் பிற்பகலில் அது முப்பது விழுக்காட்டை ஒட்டி இறங்கும். ஆகஸ்டு மாதக் காலையில் எண்பதைத் தாண்டும். ஜிப்சம் பலகை ஈரத்தில் சிறிது விரியும். வறட்சியில் சிறிது சுருங்கும். 9 மீட்டர் நீளமுள்ள தொடர்ச்சியான பலகைப் பரப்பில், ஈரப்பத வேறுபாட்டால் மட்டுமே இரண்டு மி.மீ. அளவுக்கு நீளம் மாறக்கூடும். அந்த இரண்டு மி.மீ. எங்கேனும் ஓரிடத்தில் வெளிப்பட்டே தீரும். இணைப்பு வலுவாக இருந்தால் பரப்பு முழுவதும் அதைப் பகிர்ந்துகொள்ளும். இணைப்பு மெலிந்திருந்தால் அந்த ஒரே கோட்டில் அது விரிசலாகும்.

கட்டடமும் அசைகிறது. புதிய அடுக்குமாடிக் கட்டடத்தின் கான்கிரீட் தளம், பாரம் ஏற ஏறச் சில ஆண்டுகளுக்கு மெல்லத் தாழும். தடுப்புச் சுவரின் தலையை அந்தத் தளத்தோடு இறுக முட்டவைத்தால், தளத்தின் அசைவு முழுவதும் பலகையின்மேல் இறங்கும். அதனால்தான் மேலே சிறிது இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அதை அடைக்கச் சொல்கிறார்கள். கீழேயும் பலகை தரையைத் தொடக் கூடாது; சுமார் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். இல்லையெனில் வீடு துடைக்கும் தண்ணீரைப் பலகை அடியிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது காரணம், வீட்டுக்குள் நடக்கும் பிற ஈர வேலைகள். ஒரு பக்கம் டைல் பதித்தும் சிமெண்டுப் பூச்சு பூசியும் கொண்டிருக்கையில், மறுபக்கம் ஜிப்சம் இணைப்பை முடிப்பது முறையன்று. புதிய சிமெண்டுப் பூச்சு வாரக்கணக்கில் ஈரத்தைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். ஈர வேலைகள் முடிந்து, சன்னல்கள் பொருத்தி, காற்று ஓரளவு நிலைபெற்ற பின்னரே இணைப்பில் கை வைக்க வேண்டும்.

முறையான இணைப்பு எப்படி இருக்கும்

நல்ல இணைப்பு கலவையில் தொடங்குவதில்லை, சட்டத்தில் தொடங்குகிறது. நிற்கும் இரும்புச் சட்டங்கள் பொதுவாக 600 மி.மீ. இடைவெளியில் அமைய வேண்டும். பலகையின் ஓரம் சட்டத்தின் நடுவில் சேர வேண்டும். சட்டமில்லாத வெற்றிடத்தில் இரண்டு பலகைகள் சந்தித்தால், கை பட்டாலே அந்த இடம் ஆடும். திருகாணிகளைச் சுவரில் சுமார் 300 மி.மீ., மேற்கூரையில் சுமார் 230 மி.மீ. இடைவெளிக்கு மிகாமல் இட வேண்டும். திருகாணியின் தலை காகிதத்தைக் கிழிக்காமல், பரப்புக்குச் சற்றே உள்ளே அமர வேண்டும். காகிதம் கிழிந்தால் பிடிப்பு போய்விடும்.

பலகைகளை அடுக்கும் முறையும் முக்கியம். செங்கல் வரிசையைப் போல் இணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்று மாறி வர வேண்டும். கதவு, சன்னல் இவற்றின் மூலைக்கு நேராக இணைப்பு வரவே கூடாது. அங்கே பலகையை 'ட' வடிவத்தைப் போல் வெட்டி, மூலையைச் சுற்றி ஒரே துண்டாகப் பொருத்த வேண்டும். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதிர்வது அந்த மூலைதான். சாய்வாகக் கிளம்பும் விரிசல்கள் பெரும்பாலும் அங்கே பிறக்கின்றன.

பலகையின் நீளவாட்டு ஓரங்கள் தொழிற்சாலையிலேயே சற்று மெலிந்து வருகின்றன. இரண்டு பலகைகள் சேரும்போது உண்டாகும் ஆழமற்ற பள்ளத்தில் கலவையும் நாடாவும் அமர்ந்து, பரப்பு சமமாகும். ஆனால் வெட்டிய ஓரத்துக்கும் அகலவாட்டு ஓரத்துக்கும் அந்த மெலிவு கிடையாது. அங்கே நாடா மேலேறி மேடு தட்டும். அத்தகைய இணைப்புகளைக் குறைப்பதே முதல் தீர்வு. தவிர்க்க முடியாத இடத்தில் கலவையை இருபுறமும் இன்னும் அகலமாக இழுத்து, மேட்டைக் கண்ணுக்குத் தெரியாத சரிவாக மாற்றுவது இரண்டாவது தீர்வு.

அடுத்து நாடா. சந்தையில் இரண்டு வகை கிடைக்கின்றன: காகித நாடா, தானே ஒட்டிக்கொள்ளும் வலை நாடா. வலை நாடாவை ஒட்டுவது எளிது. அதனாலேயே பலரும் அதை விரும்புகிறார்கள். ஆனால் அது சிறிது இழுபடும். தண்ணீர் ஆவியாகி உலரும் ஆயத்தக் கலவையோடு அதைச் சேர்த்தால் விரிசலுக்கு வழி திறக்கும். தண்ணீர் சேர்த்ததும் வேதிவினையால் இறுகும் தூள் கலவையோடுதான் அதைப் பயன்படுத்த வேண்டும். காகித நாடா சுவரின் இழுவிசையை நன்கு தாங்குகிறது. நடுவில் மடிப்பு இருப்பதால் மூலைகளிலும் நேராக அமர்கிறது. கலவையின்மேல் அதை அழுத்திப் பதித்து, அடியில் காற்றுக் குமிழி இல்லாமல் கரண்டியால் இழுக்கத் தெரிந்த கை வேண்டும். சுவர்ப் பரப்பிலும் உள்மூலைகளிலும் காகித நாடா வேண்டும் என்று கேட்டுப் பெறுவதே நல்லது என்பது நம் கருத்து.

கலவையில்தான் பெரிய தவறு நடக்கிறது. வேலைத்தளத்தில் கைக்கு எட்டுவது வெள்ளைச் சிமெண்டுப் பட்டியோ பிளாஸ்டர் ஆஃப் பாரீஸோதான். இவை பரப்பைச் சமப்படுத்தவும் அலங்கார வேலைக்கும் ஏற்றவை; பலகை இணைப்புக்காக ஆனவை அல்ல. சில நிமிடங்களில் இறுகும் பிளாஸ்டர் வேலையை விரைவுபடுத்தும். ஆனால் நெகிழ்வில்லாமல் நொறுங்கும். இணைப்புக்கென்றே தயாரித்த கலவையின் விலை சற்று அதிகம். மொத்தச் செலவில் அந்த வேறுபாடு மிகச் சிறியது.

இறுதியாகக் காலம். முதல் பூச்சு நாடாவைப் பதிக்கும். இரண்டாவது சுமார் 200 மி.மீ. அகலத்துக்கு விரியும், மூன்றாவது சுமார் 300 மி.மீ. வரை சென்று ஓரங்களில் மறையும். உலரும் வகைக் கலவையானால், ஒவ்வொன்றுக்கும் இடையே பொதுவாக 24 மணிநேரம் வேண்டும். மழைக்காலத்தில் அது இரு மடங்கும் ஆகலாம். அடிப்பூச்சு உலருமுன் மேலே அடுத்ததை ஏற்றினால், உள்ளே சிக்கிய ஈரம் பின்னர் வெளியேறும்போது மேற்பூச்சும் சேர்ந்து சுருங்கும். அது கிரகப்பிரவேசத்தன்று தெரிவதில்லை. உறவினர்கள் வந்து வாழ்த்திவிட்டுச் சென்று, சில மாதங்கள் கழிந்த பின்னரே தெரியவரும்.

ஒளியின் சோதனை

விரிசலே இல்லாத இணைப்பும் கண்ணை உறுத்தலாம். கலவையும் காகிதமும் வண்ணத்தை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. அதனால் அடிப்பூச்சாக பிரைமர் இடாமல் நேராக வண்ணம் பூசினால் இணைப்பு தனிப் பட்டையாகத் தெரியும். பளபளப்பான வண்ணம் சிறு மேட்டையும் காட்டிக்கொடுக்கும். மங்கலான வண்ணம் அதை மறைக்கும். இன்றைய வீடுகளில் மேற்கூரை ஓரமாக ஓடும் எல்.இ.டி. பட்டை விளக்கும், தரைமுதல் மேற்கூரைவரை நீளும் கண்ணாடிச் சன்னலும் பரப்பின்மீது ஒளியைச் சாய்வாக வீசுகின்றன. அந்த ஒளியில் அரை மி.மீ. மேடும் நிழல் தரும்.

அமெரிக்காவில் ஜிப்சம் பரப்பின் முடிப்பைச் சுழியம் முதல் ஐந்து வரை ஆறு நிலைகளாகப் பிரித்து, எந்த இடத்துக்கு எந்த நிலை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். சாய்வொளி படும் சுவருக்கு ஐந்தாம் நிலை. அதாவது இணைப்பில் மட்டுமன்றிப் பரப்பு முழுவதும் மெல்லிய கலவைப் பூச்சு. சேமிப்பறைக்கு அது தேவையில்லை. இவ்வாறு இடத்துக்கேற்பத் தரத்தைப் பிரித்துக் கேட்டால் செலவும் கட்டுக்குள் நிற்கும். வீடு முழுவதற்கும் "ஃபர்ஸ்ட் கிளாஸ் ஃபினிஷிங்" என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்திடுவதில் யாருக்கும் பயனில்லை.

இணைப்புக்கு உரியவர் யார்?

பெரும்பாலான வீடுகளில் சட்டத்தை ஒரு குழு நிறுத்துகிறது. பலகையை இன்னொரு குழு ஏற்றுகிறது. நாடாவையும் பட்டியையும் பெயிண்டர் பார்த்துக்கொள்கிறார். விரிசல் விழுந்தபின் பெயிண்டர் பலகையைக் குறை சொல்கிறார். பலகை ஏற்றியவர் சட்டத்தைக் காட்டுகிறார். சட்டம் நிறுத்தியவர் அடுத்த வேலைத்தளத்துக்குச் சென்றுவிட்டார். இரண்டு பலகைகளுக்கு இடையே உள்ள கோடு, இரண்டு பொறுப்புகளுக்கு இடையே உள்ள கோடாகவும் ஆகிவிடுகிறது.

கூலி முறையும் இதற்குத் துணைபோகிறது. ஜிப்சம் வேலைக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி கொடுக்கிறோம். அந்தக் கணக்கில் காத்திருக்கும் நாளுக்கு மதிப்பில்லை. முதல் பூச்சு உலரும்வரை அமர்ந்திருக்கும் தொழிலாளிக்கு அன்றைய வருமானம் இல்லை. வீட்டைவிட்டு நெடுந்தொலைவு வந்து உழைக்கும் அவரை அவசரக்காரர் என்று குறைகூறுவது நியாயமாகாது. அவசரத்துக்குக் கூலி கொடுப்பவர்கள் நாம்தான்.

அவசரத்துக்கு இன்னொரு காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. ஆடி மாதத்தில் நாம் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டு, ஆடி முழுவதும் வேலையை முடுக்குகிறோம். கன்னட நண்பர்களும் ஆஷாடத்தைக் கடத்திச் சிராவணத்துக்கு இவ்வாறே விரைகிறார்கள். ஆனால் ஜூலை இடை முதல் செப்டம்பர் வரை பெங்களூருவின் காற்றில் ஈரம் மிகுந்த காலம். கலவை உலர மிகுதியான நேரம் தேவைப்படும் மாதத்தில் மிகக் குறைந்த நேரத்தை அதற்குக் கொடுக்கிறோம். முகூர்த்தத்தை மாற்றச் சொல்லவில்லை. இணைப்பு வேலை தொடங்கும் நாளை முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறிக்கலாம். மூன்று பூச்சுகள், உப்புத்தாள் தேய்ப்பு, பிரைமர், வண்ணம் ஆகியவற்றுக்குச் சேர்த்து மழைக்காலத்தில் இரண்டு வாரமேனும் ஒதுக்கலாம்.

பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் முறை

வீட்டைச் சீரமைக்க ஒருவர் ஐந்து இலட்சம் ரூபாயை ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில், ஐந்தாண்டுத் தவணைக்குப் பெறுகிறார் என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 10,620 ரூபாய். 60 மாதங்களில் வட்டி மட்டும் 1,37,000 ரூபாய்க்கு மேல் ஆகும். விரிசல் முதல் ஆண்டிலேயே வந்துவிட்டால், அந்தச் சுவரைப் பார்த்தபடி இன்னும் நான்கு ஆண்டுகள் தவணை கட்ட வேண்டும். மறுசீரமைப்புக்கு வேறு பணமும் தேட வேண்டும். எனவே இதை அழகு தொடர்பான சிறு குறை என்று மட்டும் ஒதுக்க முடியாது.

பணத்தைக் கட்டம் கட்டமாக விடுவிக்கும் ஒழுங்கை வங்கித் துறையே நமக்குக் கற்றுத் தருகிறது. கட்டுமானம் முன்னேறும் படிநிலைகளோடு வீட்டுக் கடன் விடுவிப்பை நெருக்கமாக இணைக்க வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டு செப்டம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. கோடிக்கணக்கில் கட்டும் நிறுவனத்துக்குப் பொருந்தும் அந்த நெறி, நம் கூடத்துத் தடுப்புச் சுவருக்கும் பொருந்தும்.

ஆகவே ஒப்பந்தத்தில் நான்கு செய்திகள் இடம்பெற வேண்டும் என்கிறோம். முதலாவது, சட்டம் முதல் பிரைமர் வரை முழுச் சுவருக்கும் ஒருவரே பொறுப்பு. அவர் யாரை வைத்து வேலை வாங்கினாலும் விடை சொல்ல வேண்டியவர் அவரே. இரண்டாவது, இணைப்பு வேலைக்குத் தனி வரி. எத்தனை அடி நீளம், எந்த நாடா, எந்தக் கலவை, எத்தனை பூச்சு என்ற விவரத்தோடு தனிக் கூலி. அவ்வாறு செய்தால் காத்திருப்பும் கூலிக்குள் அடங்கும். மூன்றாவது, வண்ணம் பூசுமுன் ஒரு பார்வை நாள். அன்று மாலை, விளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடித்து இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். நான்காவது, மொத்தத் தொகையில் 5 விழுக்காட்டை நிறுத்தி வைத்து, பாதியை ஆறாம் மாத முடிவிலும் மீதியைப் பன்னிரண்டாம் மாத முடிவிலும் கொடுப்பது. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்துவிட்ட இணைப்பைப் பெரும்பாலும் நம்பலாம்.

கடைசிச் செய்திக்கு எதிர்ப்பு வரும். அந்த எதிர்ப்பில் நியாயமும் உண்டு. சிறு ஒப்பந்ததாரருக்கு அந்த 5 விழுக்காடே அவருடைய இலாபமாக இருக்கலாம். நிறுத்தி வைத்த தொகையை ஏதேனும் சாக்குச் சொல்லிக் கொடுக்காமலே விட்டுவிடும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். ஆகவே இந்த ஏற்பாடு இருபுறமும் கட்டுப்படுத்துவதாக இருக்க வேண்டும். கொடுக்கும் தேதியை எழுதிவிட வேண்டும். அந்தத் தேதியில் இணைப்புக் குறை இல்லையெனில் கேள்வியின்றிக் கொடுத்துவிட வேண்டும். அலமாரிக் கதவு சரியில்லை என்பதற்காக ஜிப்சம் தொகையைப் பிடித்து வைப்பது முறையன்று. அந்தத் தொகையைத் தனி வைப்பாக ஒதுக்கி வைத்தால், தேதி வரும்போது கை தயங்காது.

"மயிரிழை விரிசலுக்கு இவ்வளவு ஆரவாரமா?" என்று கேட்பவர்களுக்கும் விடை சொல்ல வேண்டும். எல்லா விரிசலும் குறையன்று. செங்கல் சுவரும் ஜிப்சம் பலகையும் சேரும் மூலையில் இரண்டும் வெவ்வேறு அளவில் அசைகின்றன; அங்கே கோடு விழுவது இயல்பு. அந்த இடத்தைப் பட்டியால் இறுக அடைக்காமல், நெகிழும் அக்ரிலிக் அடைப்பானால் மூடினால் போதும். நீண்ட நடைவழியிலும் பெரிய மேற்கூரையிலும் சுமார் 9 மீட்டருக்கு ஒரு முறை அசைவு இணைப்பு விட வேண்டும். திட்டமிட்டு விடும் அந்தக் கோட்டையும் யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள். பலகைப் பரப்பின் நடுவே திட்டமில்லாமல் ஓடும் கோட்டையே நாம் குறை என்கிறோம். விரிசலோடு பழுப்புக் கறை தெரிந்தால் தண்ணீர்க் கசிவைத் தேட வேண்டும். விரிசல் பலகையைக் கடந்து செங்கல் சுவரிலும் ஓடி, நாளுக்கு நாள் அகலுமானால் பெயிண்டரை விட்டுவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

ஏற்கெனவே விரிசல் விழுந்த வீட்டுக்காரர்களும் மனம் தளர வேண்டியதில்லை. மேலே பட்டி தடவுவதை மட்டும் நிறுத்துங்கள். தளர்ந்த நாடாவையும் கலவையையும் சுரண்டி எடுத்து, அடியில் பலகை ஆடுகிறதா என்று பார்த்து, தேவையான இடத்தில் திருகாணி சேர்த்து, புதிய நாடாவோடு மூன்று பூச்சுகளையும் முறையாக இட வேண்டும். பழுது பார்க்க ஏற்ற காலம் மழை ஓய்ந்து, காற்றில் ஈரம் குறையத் தொடங்கும் மாதங்களே.

சட்டம் எதுவரை துணை நிற்கும்

ஜிப்சம் சுவர், வீட்டை விற்ற கட்டுநரே அமைத்துக் கொடுத்ததாக இருந்தால், 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு வாங்கியவருக்குத் துணை நிற்கிறது. வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையையோ, வேலைத்திறன், தரம் ஆகியவற்றிலுள்ள குறையையோ சுட்டிக்காட்டினால், கட்டுநர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். ரெரா என்று நாம் சுருக்கமாக அழைக்கும் அமைப்பு கர்நாடகத்திலும் இயங்குகிறது. நாமே அமர்த்திய உள்அலங்கார ஒப்பந்ததாரருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், சேவைக் குறைபாடு என்று இரண்டாண்டுகளுக்குள் முறையிடலாம். அவ்வாறு முறையிடக் கையில் எழுத்து இருக்க வேண்டும்: ஒப்பந்தம், ரசீது, தேதியிட்ட படங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஒற்றை வரி மதிப்பீட்டை மட்டும் வைத்துக்கொண்டு வழக்காடுவது கடினம்.

ஆனால் நீதிமன்றப் படிகளில் ஏறுவது நம் நோக்கமாக இருக்க வேண்டியதில்லை. காகித நாடாவுக்கும் சரியான கலவைக்கும் கூடுதலாகக் கேட்கும் தொகையைக் கொடுப்போம். பூச்சு உலரும் நாட்களுக்கும் கூலி உண்டு என்று தொழிலாளியிடம் முன்கூட்டியே சொல்வோம். முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே நாடா வேலை தொடங்கும்படி நாள் குறிப்போம். அடுத்த முறை மதிப்பீட்டுத் தாள் நம் கைக்கு வரும்போது, அதில் இணைப்பு வேலைக்கென ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். இல்லையெனில், எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்திடுவோம்.